கொழுக்கட்டை மேல்மாவு ஏன் விரிகிறது, ஆறினால் ஏன் கெட்டியாகிறது?

கேள்வி இது: பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை செய்யும்போது சொப்பு (பூரணம் வைக்கும் மாவுக் கிண்ணம்) பிடிக்கிறபோதே மாவு கீறல் விட்டு விரிகிறது. ஒருவழியாக மூடி வேகவைத்தால் பூரணம் கசிந்து வெளியே வருகிறது. தப்பிப் பிழைத்தவையும் மதியத்துக்குள் கெட்டியாகிவிடுகின்றன. கடை மாவு வாங்குவதுதான் காரணமா? எந்த மாவு நல்லது, தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்?

கடை மாவின் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம். கடை மாவிலும் மெத்தென்று கொழுக்கட்டை செய்ய முடியும். வீட்டில் ஊறவைத்து இடித்த மாவிலும் விரிந்துபோகும். மேல்மாவு இட்லிப் பானைக்குள் போவதற்கு முன்பே அநேகமாக வெந்திருக்க வேண்டும். இந்த ஒன்று சரியாக இருந்தால் நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் பெருமளவு தீர்ந்துவிடும். கொழுக்கட்டை ஆவியில் வேகும் பண்டம் என்று நினைத்து, எல்லாம் ஆவி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் ஆவி முடித்துவைக்கிற வேலையைத்தான் செய்கிறது. மென்மையா, கெட்டியா என்பது மாவில் முதல் தண்ணீர் சேர்கிற அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

ஏன் அப்படி? கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலே இழுபடும். அதில் பசையம் என்ற புரதம் இருக்கிறது. அரிசி மாவில் அது கிடையாது. பச்சைத் தண்ணீர் விட்டு எவ்வளவு நேரம் பிசைந்தாலும் அது ஒன்றாகப் பிடிக்காது, தட்டினால் விரியும். அரிசியை ஒட்டவைப்பது அதிலுள்ள மாவுச்சத்துதான், அதுவும் சூட்டில் மட்டும். அரிசியின் ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 65 முதல் 80 டிகிரி வரையிலான சூட்டில் மாவுத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, பசையாகின்றன. அந்தப் பசைதான் கொழுக்கட்டையின் தோல். சூடு போதாமல் போனாலோ, தண்ணீர் குறைந்தாலோ பாதித் துகள்கள் பச்சையாகவே நின்றுவிடும். பச்சையாக நின்ற இடத்தில்தான் கீறல் விழும். அதனால்தான் வெந்நீர் போதாது, தளதளவென்று கொதிக்கிற நீர் வேண்டும் என்கிறோம். வெந்நீரை ஆறிய பாத்திரத்தில் இருக்கும் மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்தால், பாத்திரமும் மாவும் சேர்ந்து அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். மாவு நனையுமே தவிர வேகாது.

இனி மாவு. சொப்புக்குப் பச்சரிசிதான். மளிகைக் கடையில் மாவுக்குப் பச்சரிசி என்று கேட்டால் தருவார்கள். புது அரிசியாக இருந்தால் மாவு கையில் பிசுக்குப் பிசுக்கென்று ஒட்டும். கொஞ்சம் பழைய அரிசி நன்றாக வரும். பாசுமதி எல்லாம் வேண்டாம், அது வேறு வேலைக்கு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, தொட்டால் கையில் லேசாக ஒட்டுகிற ஈரத்தோடு இடித்து அல்லது மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் ஈர மாவு. நம் வீடுகளில் காலம் காலமாகச் செய்தது இதுதான், அதில் நல்ல காரணம் இருக்கிறது. ஊறிய அரிசி சுலபமாக உடைந்து நைஸாகும். துகள்கள் அதிகம் சிதையாது. காய்ந்த அரிசியை அப்படியே மில்லில் கொடுத்து அரைத்தால் துகள்கள் உராய்விலும் சூட்டிலும் சிதைகின்றன. சிதைந்தவை தண்ணீரை வேகமாகக் குடிக்கும், கொரகொரப்பாக நின்றவை மெதுவாகக் குடிக்கும். ஒரே உருண்டைக்குள் ஒரு பக்கம் பிசுபிசுப்பு, இன்னொரு பக்கம் வறட்சி என்று வருவது அதனால்தான். கடையில் கொழுக்கட்டை மாவு, இடியாப்ப மாவு என்று விற்பதில் பெரும்பாலும் ஊறவைத்து அரைத்து வறுத்ததுதான் இருக்கும், பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் அரிசி மாவு என்று மட்டும் போட்டிருந்தால் அது முறுக்குக்கும் தோசைக்கும் ஆகும், சொப்புக்கு எடுக்காதீர்கள்.

தண்ணீர் அளவைப் பற்றிப் பலரும் ஒரே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. மாவில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீர். ஈர மாவு ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர், கொஞ்சம் கூடப் போனால் ஒன்றேகால். வறுத்த கடை மாவென்றால் ஒன்றரையில் ஆரம்பித்து, மாவு கேட்டால் ஒன்றேமுக்கால் வரை போகலாம். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயும் போடுங்கள். கொதி வந்ததும் அடுப்பைச் சின்னதாக்கி, மாவை ஒரே தடவையில் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி, அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். ஐந்து நிமிடம், முடிந்தால் பத்து நிமிடம். இந்த மூடி வைக்கிற நேரத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே மாவு அந்தச் சூட்டிலேயே புழுங்கி, தண்ணீரை எல்லாப் பக்கமும் சமமாக இழுத்துக்கொள்கிற நேரம் அது.

ஆனால் என்னைக் கேட்டால், மாவே வேண்டாம், அரைத்துக் கிளறுங்கள் என்பேன். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையலில் இது வழக்கமான முறை. ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல் அரைத்து, அரைக்க விட்ட தண்ணீர், மிக்ஸி கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்து மொத்தம் இரண்டு டம்ளர் வருகிற மாதிரி கரைத்துக்கொள்ளுங்கள். அடி கனமான வாணலியில் ஊற்றி, உப்பும் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டு, சின்னத் தீயில் கிளற வேண்டும். முதலில் பால் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் நடக்காது. திடீரென்று அடியில் கரண்டி இழுபடும். அங்கங்கே கட்டி தட்டும். இந்த இடத்தில்தான் புதிதாகச் செய்பவர்கள் பயந்துபோய் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அணைக்காதீர்கள். கட்டிகளைக் கரண்டியின் முதுகால் வாணலியின் ஓரத்தில் நசுக்கிக்கொண்டே கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்து, வாணலியை விட்டுக் கழன்று, கரண்டியோடு சுழன்று வரும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த நிறம் மாறி, லேசான பளபளப்போடு கண்ணாடித் தன்மை வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். இதில் மாவுச்சத்து முழுக்கத் தண்ணீர் குடித்து வெந்திருக்கும். பச்சைத் துகள் என்று ஒன்று மிச்சமிருக்க வாய்ப்பே குறைவு. கை வலிக்கும், உண்மைதான். ஆனால் இப்படிச் செய்த சொப்பு எவ்வளவு மெல்லிசாகப் போனாலும் விரியாது.

எந்த முறையில் செய்தாலும் சூடு இருக்கும்போதே பிசைய வேண்டும். கை பொறுக்கிற சூடு வந்ததும் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு, உள்ளங்கையின் அடியால் தள்ளித் தள்ளி ஐந்து நிமிடமாவது பிசையுங்கள். காது மடலைத் தொட்டால் இருக்கிற மென்மை வர வேண்டும். ஒரு சின்ன உருண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் கீறல் விட்டால் கொதிநீர் ஒரு ஸ்பூன் தெளித்து மறுபடி பிசைய வேண்டும். அதற்கும் அடங்கவில்லையென்றால் மாவு வேகவில்லை என்று அர்த்தம். அந்த உருண்டையைத் தட்டி இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, சூட்டோடு பிசைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாறாக மாவு கையில் ஒட்டினால் உலர்ந்த மாவைத் தூவாதீர்கள். தூவிய மாவு பச்சையாகவே நின்று, அதுவே நாளைக்குக் கீறலாகும். வாணலியில் போட்டு இரண்டு நிமிடம் கிளறி ஈரத்தை வற்றவைப்பதுதான் வழி. பிசைந்த மாவு காற்றில் காயக் கூடாது. ஈரத் துணி போட்டு மூடி, வேண்டிய உருண்டையை மட்டும் எடுங்கள்.

சொப்பு பிடிப்பது பழக வேண்டிய கை. எலுமிச்சை அளவு உருண்டையை விரிசல் இல்லாமல் உருட்டிக்கொண்டு, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. இரண்டு கட்டைவிரலும் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. உருண்டையைச் சுற்றிக்கொண்டே ஓரத்தை அழுத்தி மெல்லிசாக்கி மேலே ஏற்ற வேண்டும். எல்லோரும் ஓரத்தை மெல்லிசாக்கிவிட்டு அடியைத் தடிமனாக விட்டுவிடுவார்கள். அப்புறம் சாப்பிடும்போது அடியில் வெறும் மாவுதான் வாயில் அகப்படும். குழியின் அடியைத்தான் முதலில் பரப்ப வேண்டும், ஓரம் தானாக வரும். பூரணத்தை முக்கால் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். ஓரத்தில் பூரணத்தின் ஈரமோ எண்ணெயோ பட்டால் அந்த இடம் ஒட்டாது, வேகும்போது அங்கேதான் வாய் திறக்கும். ஓரங்களைக் கூட்டிக் குவித்து மேலே ஒரு மூக்கு இழுத்துவிட்டால் மோதகம். சோழி போல் மடித்தாலும் ருசியில் குறைவில்லை. அச்சு வைத்துச் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. நிறைய செய்ய வேண்டியிருந்தால் அச்சுதான் கை கொடுக்கும். அதன் உள்பக்கம் எண்ணெய் தடவுங்கள், அவ்வளவுதான்.

பூரணம் கசிவதற்குப் பாதிக் காரணம் தோலில் இல்லை, பூரணத்தில் இருக்கிறது. வெல்லம் ஈரத்தை இழுக்கும் பொருள். பூரணம் தளர்வாக இருந்தால் ஆவியில் வெல்லம் இளகி, தோலில் எங்கே மெல்லிசோ அங்கே வழி தேடும். தேங்காய்ப் பூரணத்துக்கு ஒரு கப் துருவலுக்கு முக்கால் கப் பொடித்த வெல்லம். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல வெல்லமானாலும் மண்ணும் கரும்புத் தூசும் இருக்கும். வடித்ததைக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் பிசுபிசுத்ததும் தேங்காயைப் போட்டுக் கிளறுங்கள். தேங்காயின் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவினால் நல்லது. வாணலியில் ஈரம் பரவாமல், கிளறும்போது திரண்டு வந்து, ஆறியதும் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் பாகு முற்றி, ஆறியதும் பூரணம் பல்லை உடைக்கும். அடுப்பிலேயே உருண்டை பிடிக்கிற அளவுக்குக் கிளறிக்கொண்டிருந்தால் முற்றிவிட்டது என்று பொருள்; ஆறினால் இன்னும் இறுகும் என்பதை மனதில் வைத்து ஒரு படி முன்னாடியே இறக்குங்கள். ஏலக்காய் கடைசியில். தளர்ந்துபோனால் ஒரு ஸ்பூன் வறுத்த அரிசி மாவு சேர்த்து ஒரு கிளறு கிளறலாம். வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைத் தேடாதீர்கள். நிறத்துக்காக வெளுத்த வெல்லத்தில் இனிப்புதான் இருக்கும், வாசனை இருக்காது. கொஞ்சம் கறுத்த பாகு வெல்லத்தில் செய்த பூரணம் தோலுக்குள்ளிருந்து லேசாக நிழலடித்துத் தெரியும், அந்த அழகே தனி.

கடலைப்பருப்புப் பூரணத்துக்குப் பருப்பு விரலால் நசுங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. குக்கரில் விட்டுக் குழைத்துவிட்டால் எவ்வளவு கிளறினாலும் ஈரம் வற்றாது. எள்ளுப் பூரணம் சுலபம்: கறுப்பு எள்ளைக் கழுவித் தேய்த்து, வடித்து, வெடிக்கும் வரை வறுத்து, ஆறியதும் வெல்லத்தோடு இரண்டு சுற்று. மிக்ஸியை நிறுத்தாமல் ஓடவிட்டால் எண்ணெய் விட்டுவிடும். இது நீர் இல்லாத பூரணம் என்பதால் கசியும் தொல்லை குறைவு. முதல் முறை செய்பவர்கள் எள்ளில் தொடங்குவது நல்லது.

வேகவைப்பதில் சொல்ல அதிகம் இல்லை. மாவு ஏற்கெனவே வெந்திருப்பதால் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். தட்டில் நல்லெண்ணெய் தடவலாம், வாழையிலைத் துண்டு போட்டால் இன்னும் நல்லது. மூடியில் சேரும் நீர் சொட்டி மேல்தோலைக் கெடுக்கும், மூடியைத் துணியால் கட்டிவிடுங்கள். தோல் மின்னினால் வெந்துவிட்டது. உடனே எடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, ஈரக் கையால் எடுங்கள். சூட்டோடு எடுத்தால் தோல் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று பதினைந்து, இருபது நிமிடம் வைத்தால் உள்ளே வெல்லம் இளகித் தோலைக் கிழிக்கும்.

அடுத்து, மதியத்துக்குள் கெட்டியாவது. இதை முழுக்கத் தடுக்க முடியாது. வெந்து உப்பிய மாவுச்சத்து ஆற ஆற மறுபடி இறுகி, பிடித்து வைத்த நீரை விடத் தொடங்கும். முந்தின நாள் சோறு விறைப்பதும் இதனால்தான். ஆனால் முதலில் நிறையத் தண்ணீர் குடித்து நன்றாக வெந்த மாவு மெதுவாக இறுகும். அரைகுறையாக வெந்தது சீக்கிரம் இறுகும். எண்ணெயும் இறுகுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். மாவு கிளறும்போது ஒரு ஸ்பூன் பால் விடுகிறவர்கள் உண்டு, அது நிறத்துக்கு. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது குளிர்சாதனப் பெட்டியின் சூட்டுநிலையில்தான். ஆகையால் அன்றைக்கே சாப்பிடுவதை உள்ளே வைக்காதீர்கள். வாழையிலையோ துணியோ போட்டு மூடி வெளியில் வையுங்கள். தேங்காய்ப் பூரணம் வெயில் காலத்தில் இரவு வரை தாங்காது. மிஞ்சுவதை உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும். மறுநாள் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் இறுகியது இளகி, ஏறக்குறையப் பழைய மென்மை திரும்பும்.

இந்தத் தோல் தொல்லையே இல்லாத கொழுக்கட்டைகளும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. சதுர்த்தி என்றாலே மோதகம்தான் என்று இளையவர்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிடிக் கொழுக்கட்டையில் மாவும் வெல்லமும் தேங்காயும் ஒன்றாகக் கலந்து கைவிரல் பதியப் பிடிப்பதுதான், உள்ளே வெளியே என்று பிரிவே கிடையாது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் திருக்கார்த்திகைக்குச் செய்யும் ஓலைக் கொழுக்கட்டையில் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்த மாவைப் பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவிப்பார்கள். பிரிக்கும்போது வருகிற ஓலை மணத்துக்கு ஏலக்காய் எல்லாம் ஈடாகாது. செட்டிநாட்டுப் பால் கொழுக்கட்டை, ஔவையார் நோன்புக்குப் பெண்கள் மட்டும் கூடி இரவில் செய்யும் உப்பில்லாக் கொழுக்கட்டை, ஈழத்தில் ஆடிப்பிறப்புக்கு வறுத்த அரிசி மாவும் பயறும் சேர்த்துச் செய்வது, குழந்தைக்குப் பல் முளைத்தால் அவிக்கும் பல்லுக் கொழுக்கட்டை என்று வரிசை நீளும். பூரணம் வைத்த மோதகமும் நேற்று வந்ததில்லை. 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்' என்று சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி பாடுகிறது; கவவு என்றால் உள்ளே வைக்கும் பூரணம். அதை விற்றவர்கள் நள்ளிரவில் அசந்து உறங்குகிற காட்சியில்தான் அந்த வரி வருகிறது. சதுர்த்தியன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகருக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. திருச்சி மலைக்கோட்டையில் அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கும் உச்சிப்பிள்ளையாருக்கும் தலைக்கு 75 கிலோ. இவ்வளவு பெரிதில் சொப்பும் பூரணமும் தனித்தனியாக நிற்காது. மாவு, வெல்லம், தேங்காய், எள், நெய் எல்லாவற்றையும் கலந்து, துணியில் கட்டி மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். பிடிக் கொழுக்கட்டையின் பெரிய வடிவம் என்று சொல்லலாம்.

உங்களுக்கு நான் சொல்வது: இந்த முறை சதுர்த்திக்கு முன்பே ஒரு நாள், அரை டம்ளர் அரிசியில், அரைத்துக் கிளறி, எள்ளுப் பூரணம் வைத்துச் செய்து பாருங்கள். பண்டிகையன்று பத்துப் பேருக்குச் செய்யும்போது பதம் பழக முடியாது. பூரணம் தீர்ந்து மாவு மிஞ்சினால் சின்னச் சின்ன மணியாக உருட்டி, அதே ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் தூவிவிடுங்கள். மணிக் கொழுக்கட்டைக்கு விரிசல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, குழந்தைகள் முதலில் அதைத்தான் காலி செய்வார்கள்.